இருட்டில் காட்டெருமையைக் காட்டும் கருவி: தெர்மல் வாங்குவதற்கு முன்

கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலை, தாண்டிக்குடி என்று எந்த மலையூரானாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே கால் வைக்கும்போது ஒரு யோசனை வரும். தேயிலைக்கு நடுவே என்ன நிற்கிறது? மேரக்காய்ப் பந்தலுக்குக் கீழே அசைந்தது காற்றா, கரடியா? டார்ச் அடித்தால் விலங்கின் கண் மின்னும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். காட்டெருமை அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு மேய்ந்தால் மின்னுவதற்குக் கண்ணே தெரியாது. மூடுபனி இறங்கிவிட்டாலோ டார்ச் வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பி வரும். காட்டெருமையிடம் மாட்டிக்கொள்பவர்கள் அதைத் தேடிப் போனவர்கள் இல்லை. அது அங்கே நிற்பது தெரியாமல் பக்கத்தில் போய்விட்டவர்கள்.

அதனால்தான் எஸ்டேட்காரர்களும் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் இப்போது தெர்மல் கருவி, அதாவது உடம்புச் சூட்டை இருட்டிலும் படமாகக் காட்டும் கருவி, பற்றி விசாரிக்கிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது துப்பாக்கியில் மாட்டும் தெர்மல் ஸ்கோப். அமெரிக்காவின் டெக்சாஸில் பயிரை அழிக்கும் பன்றிகளை இரவில் சுடச் சட்டம் அனுமதிக்கிறது, அதற்கென்றே பெரிய சந்தை இருக்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே சாமானைத் தேடிக் கிளம்ப வேண்டாம். இங்கே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. சுட்டால்தான் வேட்டை என்றில்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, துரத்திப் பிடிப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட அந்தச் சட்டப்படி வேட்டைதான். யானை, காட்டெருமை, சிறுத்தை, கரடி, வரையாடு எல்லாம் அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காட்டுப்பன்றி தோட்டத்தையே உழுதுபோட்டாலும் விவசாயி தானாகத் துப்பாக்கி எடுக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு மலைக்குப் புதிதும் இல்லை. கணக்கில்லாமல் சுட்டுத் தீர்த்ததைப் பார்த்து 1877லேயே நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கு ஒரு சங்கம் உருவானது, 1879ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது.

ஆகவே நமக்கு வேண்டியது கையில் பிடித்து ஒரு கண்ணால் பார்க்கிற தெர்மல் மோனோகுலர். உள்ளே இருக்கும் சென்சாரும் லென்ஸும் ஸ்கோப்பில் இருப்பவைதான். ஸ்கோப்பில் கூடுதலாகக் குறி வைக்கும் கோடுகளும், துப்பாக்கியின் உதைப்பைத் தாங்கும் கட்டமைப்பும், உதைப்பில் புருவம் அடிபடாமலிருக்கக் கண்ணுக்கு விடும் இடைவெளியும் உண்டு, அவ்வளவுதான். இரவு வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளிலும் பொறுப்பான வேட்டைக்காரர்கள் முதலில் மோனோகுலரில்தான் சுற்றிப் பார்ப்பார்கள். ஸ்கோப்பால் தேடுவதென்றால், என்னவென்றே தெரியாத ஒன்றின் மீது துப்பாக்கிக் குழாயை நீட்டுவது என்று அர்த்தம். அது மனிதனாக இருந்துவிட்டால்? இந்த ஒரு காரணமே போதும்.

சூடு எப்படிப் படமாகிறது

1800ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்த பிறகு, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் அகச்சிவப்பு. சூடு உள்ள எந்தப் பொருளும் அதை வீசிக்கொண்டே இருக்கும். பாறையும் வீசும், தேயிலை இலையும் வீசும், நாமும் வீசுகிறோம். 37 டிகிரி உடம்பு அதிகமாக வீசுவது ஏறத்தாழ 9 மைக்ரான் அலைநீளத்தில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தெர்மல் கருவி 8 முதல் 14 மைக்ரான் வரை உள்ளதைப் பிடிக்கிறது. அதற்கு நிலவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

நைட் விஷன் என்று விற்கப்படுவது வேறு. அது இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கும், அல்லது 850, 940 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கைத் தானே அடித்து அது பட்டுத் திரும்புவதைப் பார்க்கும். வீட்டு சி.சி.டி.வி. கேமரா இரவில் கருப்பு வெள்ளையில் காட்டுவது இந்த வகை. விலை குறைவு, முகம்கூடத் தெளிவாகத் தெரியும். ஆனால் புதருக்குள் கறுப்பாக நிற்கும் விலங்கு புதரோடு புதராகப் போய்விடும். பனி இறங்கினால் டார்ச்சுக்கு நேர்கிற கதியேதான் இதற்கும்.

தெர்மல் கருவிக்குள் இருக்கும் சென்சார், ஆயிரக்கணக்கான நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் வனேடியம் ஆக்சைடு போன்ற பொருளின் மெல்லிய படலம். சூடு பட்டால் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் கருவி படமாக்குகிறது. இதில் ஒன்றை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும்: கருவி நமக்குக் காட்டுவது வெப்பத்தை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. விலங்கும் அதன் பின்னணியும் ஒரே சூட்டில் இருந்தால், பக்கத்திலேயே நின்றாலும் படத்தில் மங்கிவிடும்.

அப்புறம், சாதாரணக் கண்ணாடி இந்த அலைகளை விடவே விடாது. லென்ஸை ஜெர்மேனியம் என்ற தனிமத்தால் செய்வது அதனால்தான், விலை ஏறுவதற்கும் அது ஒரு காரணம். ஜீப்பின் முன்கண்ணாடி வழியாகவோ மூடிய ஜன்னல் வழியாகவோ பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது, கண்ணாடியின் சூடுதான் தெரியும். ஜன்னலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வாங்கிய முதல் நாள் பலர் கருவி பழுது என்று கடைக்குப் போன் போடுவது இதற்காகத்தான்.

மலையும் பனியும் செய்யும் வேலை

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் படிப்பதற்கு முன்னால் நம் இடத்தைப் படிக்க வேண்டும். சமவெளியில் தெர்மல் வைத்திருப்பவர் கிலோமீட்டர் கணக்கில் பேசுவார். நமக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. மலைச்சரிவில் ஒரு திருப்பத்துக்கு மேல் கண்ணுக்கு வழியில்லை. சோலை ஓரம், சில்வர் ஓக் வரிசை, தேயிலை, உண்ணிச்செடிப் புதர் எல்லாம் பார்வையை மறைக்கும். தெர்மல் எதையும் ஊடுருவிப் பார்க்காது. இலைக்குப் பின்னால் முழுசாக மறைந்த சிறுத்தை தெர்மலுக்கும் மறைந்ததுதான். இலைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் சூடு துண்டுதுண்டாகத் தெரியும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டையும் வேலிப் பாதையையும் சுற்றிப் பார்க்கும் ஒருவருக்கு உண்மையில் வேண்டியது 20 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரைதான்.

பனியைப் பற்றி விற்பவர்கள் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். மெல்லிய மேகமூட்டத்தில் தெர்மல் கண்ணைவிட நன்றாகப் பார்க்கும், அது உண்மை. குன்னூரில் மாலையில் மரங்கள் மட்டும் மங்கலாகத் தெரிகிற அளவு மேகம் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அடர்ந்த மூடுபனியின் நீர்த்துளிகள் பல மைக்ரான் பருமன் உள்ளவை, தெர்மல் பார்க்கும் அலைநீளத்தின் அளவுதான். அவை அந்த அலைகளையும் விழுங்கிச் சிதறடிக்கும். கைக்கெட்டும் தூரம் தெரியாத மூடுபனியில் தெர்மலின் எல்லையும் சுருங்கிவிடும். மழையோ இன்னும் மோசம். தண்ணீர் இலை, பாறை, மண், விலங்கின் முதுகு எல்லாவற்றையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்துவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கருவி தரும் படம் சாம்பல் பூசியது போல இருக்கும். மார்கழி, தை மாதத்து உறைபனி இரவுகளில் மேகமில்லாத வானத்துக்குக் கீழே புல்லெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்போது அதே கருவியில் முயல்கூடப் பளிச்சென்று தெரியும். தை மாதத்தில் கடைக்காரர் காட்டும் படத்தைப் பார்த்து ஆடி மாதத்துக்கு வாங்கக் கூடாது.

பாறைகள் வேறு ஏமாற்றும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாத தோசைக்கல் மாதிரி, ராத்திரி எட்டு ஒன்பது மணி வரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். முன்னிரவில் சரிவு முழுக்க வெள்ளைத் திட்டுகள் தெரியும், எது பாறை எது பன்றி என்று குழம்பும். பொழுது விடியும் நேரத்திலும் மறையும் நேரத்திலும் சுற்றுப்புறமும் விலங்கும் நெருங்கிய சூட்டுக்கு வந்துபோகிற சிறிது நேரம் உண்டு, அப்போது படம் தட்டையாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகளும், வேலை முடிந்து பெண்களும் வீடு திரும்புவது இந்த நேரத்தில்தான் என்பதால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் கருவியை மட்டும் நம்பி யாரையும் அனுப்ப வேண்டாம். யானையும் சேறு பூசிக்கொண்டு வந்தால் எதிர்பார்த்த அளவு சுடராது.

எண்களைப் படிப்பது

இனிப் பெட்டியைப் பார்க்கலாம். சென்சார் 256க்கு 192, 384க்கு 288, 640க்கு 512 என்று போட்டிருக்கும். இது படத்தில் மொத்தம் எத்தனை புள்ளி என்பது. சில பெட்டிகளில் இதைவிடப் பெரிய எழுத்தில் 1024க்கு 768 என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் திரையின் அளவு, சென்சாரின் அளவு இல்லை. சென்சார் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது ஒரு புள்ளியின் பருமன். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 12 மைக்ரான், பழையவற்றில் 17. அதற்கடுத்தது லென்ஸின் குவியத் தூரம்: 10 மி.மீ., 19, 25, 35, 50 என்று இருக்கும். இந்த இரண்டும் கிடைத்தால், கடைக்காரரிடம் எதுவும் கேட்காமல் நாமே கருவியின் யோக்கியதையைக் கணக்குப் போட்டுவிடலாம். புள்ளியின் மைக்ரானை லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்து 10ஆல் பெருக்க வேண்டும். வருகிற விடை, 100 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி எத்தனை சென்டிமீட்டரைப் பிடிக்கிறது என்பது. 12ஐ 35ஆல் வகுத்தால் 0.34, பத்தால் பெருக்கினால் 3.4 செ.மீ. 19 மி.மீ. லென்ஸ் என்றால் 6.3 செ.மீ.

இதை வைத்துப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'கண்டறியும் தூரம் 1200 மீட்டர்' என்ற வரியை உரசிப் பார்க்கலாம். 35 மி.மீ. லென்ஸில் 1200 மீட்டரில் ஒரு புள்ளி 41 செ.மீ. அங்கே நிற்கும் ஆள் படத்தில் ஒரு புள்ளி அகலம், நாலு புள்ளி உயரம். ஏதோ சூடாக இருக்கிறது என்று தெரியும், ஆளா மரக்கட்டையா என்று தெரியாது. 1958ல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் இதைப் படிப்படியாகப் பிரித்தார்: ஏதோ இருக்கிறது என்று தெரிவது ஒன்று, அது எந்த வகை என்று தெரிவது ஒன்று, இன்னது என்று உறுதியாகச் சொல்வது ஒன்று. அவர் கணக்கை இன்றைய புள்ளிகளுக்கு மாற்றினால், பொருளின் சிறிய பக்கத்தில் முதலாவதற்கு 2 புள்ளி, இரண்டாவதற்கு 8, மூன்றாவதற்கு 13 போல வேண்டும். பெட்டியில் போடுவது முதல் தூரம். உயிரைக் காப்பதோ இரண்டாவதும் மூன்றாவதும்.

உதாரணமாக 60 மீட்டரில் தேயிலைக்கு நடுவே ஒரு மாடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரரின் சீமைப்பசுவா, காட்டெருமையா? பகலில் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருப்பதை வைத்துக் காட்டெருமை என்று சொல்லிவிடுவோம். தெர்மலில் நிறமே கிடையாது, போதாததற்கு இடுப்பளவு தேயிலை காலை மறைத்துவிடும். தெரிவது முதுகும் கழுத்தும் தலையும். முகத்தில் கண்ணைச் சுற்றியும் காதுக்குள்ளும் வெள்ளையாகச் சுடரும், ஈர மூக்கு கறுத்திருக்கும், கொம்பின் நுனி மங்கிப் போகும். அப்போது முதுகின் மேல் கோட்டைப் பாருங்கள். காட்டெருமைக்குத் தோளிலிருந்து எழும் மேடு நடு முதுகு வரை வந்து சட்டென்று படி இறங்கினாற்போல முடியும். பசுவுக்கு அது இல்லை. 19 மி.மீ. லென்ஸில் 60 மீட்டரில் ஒரு புள்ளி 3.8 செ.மீ., அந்தப் படி நன்றாகவே தெரியும். 10 மி.மீ. லென்ஸில் ஒரு புள்ளி 7 செ.மீ.க்கு மேல், சந்தேகம் வரும்.

அப்படியானால் பெரிய லென்ஸே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் பணத்தைத் தவறாகப் போடுகிறார்கள். லென்ஸ் நீளமாக நீளமாகப் பார்வையின் அகலம் சுருங்கும். 384 புள்ளிச் சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ் 100 மீட்டரில் 13 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். 30 மீட்டரில் வெறும் 4 மீட்டர். ஒரு பெரிய காட்டெருமையே ஏறக்குறைய திரையை நிரப்பிவிடும், அதற்கு மூன்றடி தள்ளிக் கன்றோடு நிற்கும் இன்னொன்று திரைக்கு வெளியே இருக்கும். 19 மி.மீ. என்றால் 100 மீட்டரில் 24 மீட்டர், 30 மீட்டரில் 7 மீட்டருக்கு மேல். மலையில் ஆபத்து தூரத்திலிருந்து வருவதில்லை, திருப்பத்திலிருந்து வருகிறது. அதனால் என் முடிவு இதுதான்: வீடு, தோட்டம், எஸ்டேட் பாதை இவற்றுக்கு 384 சென்சார், 12 மைக்ரான், 15 முதல் 25 மி.மீ.க்குள் லென்ஸ். எதிர்ச்சரிவில் நிற்கும் யானைக் கூட்டத்தைப் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் 35க்கு மேல். அகலமும் வேண்டும் நுணுக்கமும் வேண்டும் என்றால் 640 சென்சார், ஆனால் விலை கணிசமாக ஏறும். வாசல் முற்றத்தை மட்டும் பார்ப்பதற்கு 256 போதும்.

மீதி எண்களில் முக்கியமானது என்.இ.டி.டி. எவ்வளவு சின்ன வெப்ப வித்தியாசத்தைக் கருவி உணரும் என்பதை மில்லிகெல்வினில் சொல்வது இது. ஒரு மில்லிகெல்வின் என்பது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் குறைவாக இருந்தால் நல்லது. வறண்ட ஊரில் 50 இருந்தாலும் ஓட்டிவிடலாம். எல்லாம் நனைந்து ஒரே சூட்டில் கிடக்கும் நம் மலைக்கு 25 அல்லது அதற்குக் கீழே பாருங்கள். பெரிய லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தை இங்கே போடுவது நல்லது.

ரெஃப்ரெஷ் ரேட், அதாவது படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது, 25 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். 9 ஹெர்ட்ஸ் கருவியும் சந்தையில் உண்டு, நடந்துகொண்டே திருப்பிப் பார்த்தால் படம் இழுபடும். ஜூம் எத்தனை மடங்கு என்பதைப் பொருட்படுத்தவே வேண்டாம். டிஜிட்டல் ஜூம் இருக்கிற புள்ளிகளையே பெரிதாக்கும், புதிதாக ஒன்றையும் காட்டாது. நிறங்களில் சூடானதை வெள்ளையாகக் காட்டும் முறையில் பழகுங்கள், வானவில் நிறங்கள் விளம்பரப் படத்துக்கு நன்றாக இருக்கும். இடையிடையே 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு படம் கணநேரம் உறையும். கருவி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது, பழுதில்லை.

குளிரில் லித்தியம் பேட்டரியின் சக்தி குறையும். எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் ஊட்டியின் ஜனவரி இரவில் அந்த எட்டை எதிர்பார்க்காதீர்கள். கழற்றி மாற்றும்படியான பேட்டரி உள்ள மாடலாகப் பார்த்து, இன்னொன்றைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வெளிக் குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் நேராகக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். மூடி போட்டுப் பையிலேயே சிறிது நேரம் விட்டால் சரியாகிவிடும். முந்தானையாலோ லுங்கியாலோ துடைத்தால் லென்ஸின் பூச்சு கீறிவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் ஏற்கெனவே நம் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கூடலூர்ப் பகுதியில் ஊருக்குள் வரும் யானைகளை வனத்துறை தெர்மல் கேமரா பொருத்திய டிரோன்களால் தேடுகிறது. மலைக்குக் கீழே மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளுக்காக 2024ல் தெர்மல் கேமராக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், வாங்குவதற்கு முன் அவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்தச் சரிவில் எந்த நேரத்தில் எது வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அதை வைத்து உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யலாம். கருவி கையில் இருக்கிறது என்பதற்காக அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. உங்கள் வாசலிலும் உங்கள் பாதையிலும் நின்று பார்ப்பதற்குத்தான் இது. தெரிந்தது காட்டெருமையானால் டார்ச் அடித்துக் கத்தி விரட்டாமல் அப்படியே பின்வாங்கி, பக்கத்து வீடுகளுக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போவதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் வைத்துக் காட்டினால் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். வெளியே தெருவுக்குக் கொண்டுபோய், கூட வந்தவரை நூறு மீட்டர் நடந்து போகச் சொல்லுங்கள். அவர் கையைத் தூக்குவது தெரிகிறதா, தெருநாய்க்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா, தொலைவில் மரங்களின் இலைக்கொத்துகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். மழை விட்ட மாலையாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே கொண்டுபோய்ப் பார்க்க விடமாட்டோம் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.